இன்ஃப்ளூவென்சா காய்ச்சல்: அம்மாவை வார்ட்டில் நிப்பாட்ட வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தம். மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு உளைச்சல், வறட்டு இருமல். தோட்ட டிஸ்பென்சரியில் பெனடோல் தந்தார்கள். லயத்தில் இன்னும் நாலு பேருக்கு இதே காய்ச்சல் வந்து, எழுந்து வேலைக்கும் போய்விட்டார்கள். அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா? (மஸ்கெலியா வாசகி)

பதில்: இன்றைக்கே காட்டுங்கள். காட்டினால் நிப்பாட்டிவிடுவார்கள் என்றில்லை. மருந்தோடு வீட்டுக்கு அனுப்பவும் கூடும். ஆனால் அந்த நாலு பேரோடு அம்மாவை ஒப்பிடக் கூடாது. 65 தாண்டியவர்கள், சீனி, ஆஸ்மா, இதய, சிறுநீரக வருத்தக்காரர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று இரண்டு வாரம் ஆகாத தாய்மார், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இந்தக் காய்ச்சல் சட்டென்று நெஞ்சில் இறங்கும். இவர்களுக்கு, இன்ஃப்ளூவென்சா வைரஸை அடக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரையை டொக்டர் யோசிப்பார். வழமையான அளவு 75 மில்லிகிராம், காலையும் மாலையும், 5 நாள். முதல் 48 மணித்தியாலத்தில் தொடங்கினால் பலன் அதிகம். நிலைமை கடுமையென்றால் பிந்தியும் கொடுப்பார்கள். சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும், அதனால் கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம்.

நிப்பாட்டுவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூச்சு. தேர்மோமீட்டரை நம்பி இருக்காதீர்கள், வயதானவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் ஏறாமலே நியூமோனியா வரும். அம்மா சாய்ந்திருக்கும்போது, எண்ணுவது அவருக்குத் தெரியாமல், வயிறு எழும்பித் தாழ்வதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 24 தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரி. 30 என்றால் உடனே. விரலில் மாட்டி இரத்தத்தில் ஒக்சிஜன் எத்தனை வீதம் என்று பார்க்கும் ஒக்சிமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் நம் குளிரில் விறைத்த விரல் பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைத்த பிறகு வாசியுங்கள். நுவரெலியா போல 1,800 மீட்டருக்கு மேலே சுகதேகிக்கே ஒன்றிரண்டு குறைவாகக் காட்டலாம். ஆனாலும் 92க்குக் கீழே போனால் தாமதிக்க இடமில்லை. பேச்சுத் தடுமாறுவது, எழுப்பினாலும் தூங்கி விழுவது, அரை நாளாகச் சிறுநீர் போகாதது, உதடு நீலமாவது எல்லாமே அதே அவசரம்தான்.

வார்ட்டில் ஒக்சிஜன் கொடுப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள், தேவைப்பட்டால் சேலைன் ஏற்றுவார்கள், சீனியை அடிக்கடி பார்ப்பார்கள். காய்ச்சல் சீனியை ஏற்றும். சாப்பிடாமல் வழமையான மாத்திரையை எடுத்தால் திடீரென்று இறங்கவும் செய்யும். வீட்டிலேயே இதைச் சமாளிக்கப் பார்ப்பதுதான் பல இடங்களில் பிழையாகிப்போகிறது. இன்சுலின் போடுபவர் தானாக நிறுத்தக் கூடாது. அன்டிபயோட்டிக் இந்த வைரஸுக்கு வேலை செய்யாது. பக்டீரியாக் கிருமியால் நியூமோனியாவும் சேர்ந்தால்தான் அது.

காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு நாள் நன்றாக இருந்து, திரும்ப ஏறி, மஞ்சள் அல்லது துருநிறச் சளியும் நெஞ்சுக் குத்தும் வந்தால் கிருமி புகுந்துவிட்டது என்றே எடுங்கள். வார்ட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியவராக இருந்தாலும் திரும்பக் கொண்டுபோங்கள்.

மூன்றாம் நாள் ஆகிவிட்டதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், டெங்கு இல்லையென்று உறுதியாக வேண்டும். அதுவரை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அஸ்பிரின் வேண்டாம். பெனடோல் (பரசிற்றமோல்) 500 மில்லிகிராம் இரண்டு வில்லை, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8 வில்லைக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு அதைவிடக் குறைவு, டொக்டரிடம் கேளுங்கள். தடிமன் மருந்திலும் பரசிற்றமோல் கலந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். அம்மாவின் படுக்கையை அடுப்படிப் புகையிலிருந்து தள்ளிப் போடுங்கள். வருடக்கணக்காக விறகுப் புகை பிடித்த நெஞ்சுக்கு இந்த இருமல் இரட்டைச் சுமை.

1990 இலக்கத்துக்குக் கூப்பிட்டால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கூப்பிடும்போது தோட்டம், டிவிஷன், லய இலக்கம், வாகனம் எதுவரை ஏறும் என்பதைச் சொல்லுங்கள். லயத்தடிக்கு ரோடு இல்லையென்றால், அம்மாவைத் தூக்கி இறக்கப் போகிறவர்களை வெளிச்சம் இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.