மூடிய பேனா – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் சிவில் இன்ஜினியரிங் முதுநிலைப் படிப்பில் சேர்ந்து ஆறு வாரமாகிறது. வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் எதுவும் பிடிபடவில்லை. பத்து மணி வகுப்புக்குப் பேராசிரியர் பத்தேகாலுக்கு வருகிறார். வருகைப்பதிவு கிடையாது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. செமினாரில் அரைகுறையாகத் தெரிந்தவர்கள்கூடக் கை தூக்குகிறார்கள். எனக்கு விடை தெரிந்தும் வாய் வருவதில்லை. ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று வகுப்பை போனில் பதிவு செய்து, இரவு இரண்டு மணி வரை கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். ஒரு வகுப்புக்குப் பதினான்கு பக்கம் வருகிறது. அப்படியும் பின்தங்கித்தான் இருக்கிறேன். செமினாரில் பேசுவதற்கு என்ன வழி?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுவோம். உங்கள் பேராசிரியர் தாமதமாக வரவில்லை. அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று ஒரு லத்தீன் சுருக்கம் இருக்கும், பாருங்கள். பத்து சி.டி. என்றால் பத்தேகால். எஸ்.டி. என்று போட்டிருந்தால்தான் சரியாகப் பத்து. மேசையைத் தட்டுவது அவர்களுடைய கைதட்டல். பக்கத்தில் இருப்பவர் பேசவில்லையென்றால் நீங்கள் பேசுங்கள். அவரும் யாருக்காவது இதையே எழுதிக்கொண்டிருக்கலாம்.

என்னைத் தைத்தது அந்தப் பதினான்கு பக்கம்தான். போன வாரம் பழைய பெட்டி ஒன்றைக் குடைந்தபோது, ஜெர்மனியில் நான் ஒரே ஒரு செமஸ்டர் படித்த காலத்து நோட்டு கிடைத்தது. அந்த ஞாபகத்தில் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்தப் பதிவை நிறுத்துங்கள். பேராசிரியரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நாலு சுவருக்குள் ஒருவர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது அந்த நாட்டுக் குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் தேவையா?

சரி, நோட்டுக்கு வருகிறேன். எனக்கு வகுப்பு ஜெர்மன் மொழியில். பாதிக்கு மேல் புரியாது. புரியாவிட்டாலும் விடக் கூடாதென்று, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வருவேன். இரவில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒரு பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தேன். பேராசிரியர் அந்த இடத்தில் குரலை உயர்த்தினார். முக்கியமான வரி என்று எனக்கு எண்ணம். ‘ஃபென்ஸ்டர்’ என்ற சொல்லில் அகராதி மாட்டிக்கொண்டது. ஜன்னல். முழு வரியும் விளங்க அரை மணி நேரமானது: யாராவது அந்த ஜன்னலைத் திறக்க முடியுமா?

சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பதினான்கு பக்கத்திலும் இரண்டு மூன்று ஜன்னல் இருக்கும்.

அந்த வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் எப்போதும் காதில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் வெட்கத்தை விட்டு அவளுடைய குறிப்பைக் கேட்டேன். நாலாக மடித்த ஒரே ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் மூன்று வரி, கீழே ஒரு கேள்வி, அதைச் சுற்றி ஒரு வட்டம். மீதியைத் தர மனமில்லை போலிருக்கிறது என்று நான் உள்ளூரக் கோபப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, மீதி என்று ஒன்று கிடையாது. அந்த வட்டம் போட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு, மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் அவள் அவருடைய அறைக்குப் போவாள். ‘ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டே’ என்று கதவில் போட்டிருக்குமே, அதுதான். நீங்கள் இந்த ஆறு வாரத்தில் ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா?

இந்த எழுத்துப் பைத்தியம் இன்று நேற்று வந்ததில்லை. வகுப்புக்கு ஜெர்மன் சொல் ‘ஃபோர்லெசுங்’. வாசித்துக் காட்டுதல் என்று பொருள். புத்தகம் அரிதாக இருந்த காலத்தில் ஆசிரியர் வாசிப்பார், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்தக் காலத்திலேயே, அச்சு வருவதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பு, 1355 டிசம்பரில், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புல ஆசிரியர்கள் கூடி ஒரு விதி போட்டார்கள்: இனி பேனாவுக்காக நிதானமாகச் சொல்லக் கூடாது, மனம் பிடித்துக்கொள்ளக்கூடிய, ஆனால் கை பிடிக்க முடியாத வேகத்தில்தான் பேச வேண்டும். மாணவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கூச்சல் போட்டாலோ, ஆள் வைத்துக் கல் எறிந்தாலோ ஒரு வருடம் விலக்கிவைப்போம் என்று அதையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். டிக்டேஷன் வேண்டுமென்று கல்லெறியக் கூடியவர்கள்! அவர்களுக்கு உறவுக்காரர் நீங்கள்.

மாணவர்கள் எழுதிவைக்காவிட்டால் ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் பல விரிவுரைகள் நமக்குக் கிடைத்திருக்காது என்று என் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். உண்மைதான். 1831இல் ஹெகல் இறந்த பிறகு அவற்றைப் பதிப்பித்தவர்களுக்கு மாணவர்களின் நோட்டுகள்தான் பெரிய துணை. ஆனால் சிவில் இன்ஜினியரிங்கில் நீங்கள் கேட்பது சாயில் மெக்கானிக்ஸ் மாதிரி, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் பாடங்கள். அவற்றுக்கு நூலகத்தில் ஒரு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது.

கணக்கையும் பாருங்கள். அங்கே பாடத்தின் எடையைக் கிரெடிட் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஐந்து கிரெடிட் பாடத்துக்குக் குறைந்தது 125 மணி. வாரம் ஒரு தொண்ணூறு நிமிட வகுப்பு என்றால், செமஸ்டர் முழுக்க உட்கார்ந்தாலும் இருபத்துச் சொச்சம் மணிதான். மிச்சமுள்ள நூறு மணியை உங்களை நம்பி விட்டிருக்கிறார்கள். அதை, ஏற்கெனவே காதில் விழுந்ததை இன்னொரு தடவை கேட்டு எழுதுவதில் கொட்டுகிறீர்கள். தூக்கத்தையும் சேர்த்து. இரவு இரண்டு மணி என்று படித்தபோது உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா என்றுதான் முதலில் தோன்றியது.

அடுத்த வகுப்புக்குப் பேனாவை மூடியே வைத்துக்கொண்டு போங்கள். சமன்பாடு வந்தால் மட்டும் திறக்கலாம். முடிந்ததும் மேசையை நீங்களும் நாலு தட்டுத் தட்டிவிட்டு, வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று, நினைவில் இருப்பதை எழுதுங்கள். மூன்று வரி வந்தால் போதும். விளங்காத இடத்தில் ஒரு வட்டம்.

செமினாரில் பேசுவது எப்படி என்றுதானே கேட்டிருந்தீர்கள்? அதை மறந்தே போனேன். முதலில் அந்த மூன்று வரியை எனக்கு அனுப்புங்கள். எனக்கு சாயில் மெக்கானிக்ஸில் அரிச்சுவடிகூடத் தெரியாது. எனக்கு விளங்கும்படி எழுதுங்கள்.