கடற்கரையை வகைப்படுத்த எந்த மென்பொருள்?

கேள்வி: முதுகலை நிலவியல் மாணவி நான். சென்னை முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரைகளை வடிவம், அலை இரண்டையும் வைத்து வகைப்படுத்த வேண்டும். இலவச மென்பொருள் எது?

பதில்: வகைப்படுத்தும் கணக்கு எக்செல் தாளிலேயே முடிந்துவிடும். மென்பொருள் தேவைப்படுவது அந்தக் கணக்குக்கான எண்களைத் திரட்டத்தான்.

ஆஸ்திரேலியக் கடற்கரைகளை வைத்து ரைட்டும் ஷார்ட்டும் 1984-ல் வெளியிட்ட முறையே இன்றும் அடிப்படை. அலை உடையும் இடத்தில் அதன் உயரத்தை, மணல் நீரில் இறங்கும் வேகம், அலைக்காலம் (அடுத்தடுத்த இரு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம்) இரண்டின் பெருக்கலால் வகுத்தால் ஒமேகா கிடைக்கும். 1-க்குக் கீழே என்றால் செங்குத்தான கரை, அலை மோதித் திரும்பும். 6-க்கு மேலே என்றால் தட்டையான கரை, அலை தூரத்திலேயே உடைந்து அடங்கிவிடும். நடுவில் இருப்பவைதான் மணல்திட்டும் இழுப்பு நீரோட்டமும் உள்ளவை. குளிக்கப் போகிறவர்களை உள்ளே இழுப்பது பெரும்பாலும் இந்த வகைதான். அதனால் இந்த வகையைத் தவறவிடாதீர்கள்.

அலை 1.2 மீட்டர், அலைக்காலம் 8 விநாடி என்று வையுங்கள். மணல் நொடிக்கு 6 செ.மீ. இறங்கினால் ஒமேகா 2.5. நுண்மணலாக இருந்து 2 செ.மீ. இறங்கினால் 7.5. அலை அதேதான், வகையோ மாறிவிட்டது! ஆகவே மணலைச் சல்லடையில் சலித்தே ஆக வேண்டும்; அந்த அளவுகளைக் கணக்கிட கிராடிஸ்டாட் என்ற எக்செல் நிரல் போதும்.

அலைக்கு, உலகம் முழுவதற்குமான வானிலை, அலைப் பதிவான இஆர்ஏ5 தரவு இலவசம். ஆனால் அது ஆழ்கடல் அலை, ஒவ்வொரு எண்ணும் குறிக்கும் கடல் கட்டமும் பெரிது. அதை அப்படியே சூத்திரத்தில் போடுவதுதான் ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கும் பிழை. ஸ்வான் என்ற இலவச அலைக் கணிப்பு மென்பொருளில் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். ஒருநாள் அலையை எடுக்காமல், முந்தைய சில வாரங்களின் சராசரியை எடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

கரைக்கோட்டுக்கு கோஸ்ட்சாட். பைதானில் இயங்கும், லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து கரைக்கோட்டை எடுத்துத் தரும். பத்து மீட்டர் அளவுக்குப் பிழை இருக்கும், எனவே சில மீட்டர் மாற்றத்தை அதிலிருந்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் ஓதம். சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்ற இறக்க வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அதை அலை உயரத்தால் வகுத்து 3-க்குக் கீழே வந்தால் ஒமேகா மட்டும் போதும்.

கணக்கு முடிந்ததும் கூகுள் எர்த்தில் அந்தக் கரையைப் பாருங்கள். நுரைக்கோடு நடுவே அறுந்து கருநீர்ப் பாதை (இழுப்பு நீரோட்டத்தின் அடையாளம்) தெரியும் இடத்தில் ஒமேகா 6-க்கு மேல் வந்திருந்தால், மணல் அளவை மறுபடி சரிபாருங்கள்.