சம்பளம் வாங்குபவருக்கு எதற்கு நன்றி?

கேள்வி: 2022ஆம் ஆண்டு ஜூலையில், எனக்குப் பிள்ளை பிறந்து பதினொரு நாளான வேளையில், பெற்றோல் இல்லாத காரணத்தால் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தபின் எனக்குக் காய்ச்சல் இருப்பதையும் கண்டு, உடனே வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தார். அவருக்கு இப்போது இடமாற்றம் வந்திருக்கிறது. ஒரு சேலையும் சிறு தொகையும் கொடுக்க விரும்புகிறேன். "சம்பளத்துக்குத்தானே வந்தார், எதற்கு நன்றி?" என்று கேட்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: நன்றி சொல்ல நினைக்கும் உங்கள் மனம் சரியானது, தங்கச்சி. தேர்ந்தெடுத்த வழிதான் சரியில்லை.

முதலில் உங்கள் கணவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அந்த நாள்களில் அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் வாங்கிய சம்பளம் எதற்குப் போதுமாக இருந்தது? 2022 செப்டெம்பரில் இலங்கையின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது; முந்தைய வருடம் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கொடுக்க வேண்டியிருந்தது. ஜூன் 27 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. சுகாதார சேவை அந்தப் பட்டியலில் இருந்தபோதும், அவர்களும் வரிசையில் காத்து நிற்கவே நேர்ந்தது. ஜூலை 13ஆம் திகதி நாட்டின் சனாதிபதியே நாட்டைவிட்டு வெளியேறினார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். கொழும்பில் யார் ஆள்கிறார்கள் என்று தெரியாத அந்தக் கிழமைகளில், ஒரு கிராமத்து ஒழுங்கைக்குள் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் போனாரா இல்லையா என்று யாரும் விசாரித்திருக்கப் போவதில்லை. தராசைப் பையில் போட்டு, மணல் வீதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததற்கான காரணம் சம்பளப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. 1978 நவெம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டபோது நான் பத்து வயதுச் சிறுவன். தம் வீட்டுக் கூரையும் பறந்துபோயிருந்த எங்கள் கிராம அலுவலரான விதானையார், குடும்பங்களின் பதிவேட்டை உரப்பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு வந்து, ஈரச் சாரத்துடன் குந்தியிருந்து, நிவாரண அரிசிக்காக ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் எழுதினார். பென்சில் முனை ஒடியும்போதெல்லாம் பல்லால் கடித்துத்தான் கூராக்கினார். பின்னாளில் நானும் அரச சேவைக்குள் நுழைந்து, பதிவேடு ஒன்றைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கிக்கொண்டேன். அதன்பிறகும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. நாளை, மறுநாள் என்று தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் காலமாகிவிட்டார். ஆகவே இடமாற்றத் திகதிக்கு முன்னரே உங்கள் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

சேலையும் பணமும் மட்டும் வேண்டாம். அரச உத்தியோகத்தர் தம் கடமையின்பொருட்டு அன்பளிப்பு வாங்குவதைத் தாபன விதிக்கோவை அனுமதிப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமோ இலஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே பிடிக்கும். உங்கள் மனத்தில் இலஞ்சம் என்ற எண்ணமே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், உங்கள் ஒழுங்கையில் அடுத்துப் பிள்ளை பெறப்போகும் ஏழைப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சேலை கொடுத்த வீட்டுக்குத்தான் கவனிப்பு என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டால், வரப்போகும் புதிய உத்தியோகத்தரிடம் தன் காய்ச்சலைச் சொல்லவும் தயங்குவாள்.

அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு முகவரியிட்டு, பிரதியொன்றைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். "சிறந்த சேவை", "அளப்பரிய பணி" போன்ற சொற்களைத் தவிர்த்து, எந்தத் திகதியில் வந்தார், எதைக் கவனித்தார், அதனால் என்ன தவிர்க்கப்பட்டது என்பதை அப்படியே எழுதுங்கள். அது அவருடைய தனிப்பட்ட கோவையில் இருக்கும். முறைப்பாட்டுக் கடிதங்கள் வராத அலுவலகம் இல்லை. பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தால், அதை அலுவலகமே கைமாற்றி வாசிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இன்னொரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்து, மகனையும் கூட்டிச்சென்று காட்டுங்கள். அன்று நிறுத்துப் பார்த்த பிள்ளை இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பதை அவர் பார்க்கட்டும். கணவரும் கூடப் போவது நல்லது.

கேள்வி: எங்கள் ஊர் வீதி காபட் போடப்பட்டதற்காக ஓர் அரசியல்வாதியின் படத்துடன் நன்றிப் பதாகை கட்ட இளைஞர்கள் காசு சேர்க்கிறார்கள். நான் கொடுக்க வேண்டுமா?
வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த வீதிக்கான காசை, சீனியும் பருப்பும் வாங்கும்போது நீங்கள் ஏற்கெனவே வரியாகக் கொடுத்துவிட்டீர்கள். வெயிலில் தார் ஊற்றிய தொழிலாளருக்கு அன்று ஒரு செம்பு மோர் கொடுத்திருந்தால், உங்கள் நன்றி உரிய இடத்துக்கே போயிருக்கிறது.

கேள்வி: அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். ஆட்சி மாறும்போதெல்லாம் "நீ யாருடைய ஆள்?" என்று கேட்கிறார்கள். யாருக்கு விசுவாசமாக இருப்பது?
வாசகர் ஒருவர், திருக்கோவில்

பதில்: தம்பி, 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு நாட்டில் புதிய பிரதமர் ஒருவர் பதவியேற்றார்; இருந்தவரோ தாமே பிரதமர் என்றார். டிசெம்பர் 16 வரை, 51 நாள்கள் அந்த நிலை நீடித்தது. இங்கே அது மாரி காலம். வெள்ளம் வந்தால் மக்களை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது, சமைத்த உணவுக்கு எத்தனை பேரைக் கணக்கிடுவது என்பவற்றைத்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். யார் பிரதமர் என்ற கேள்விக்கு விடை வரும்வரை வாவி நீர் காத்திருக்காது.

நம் மாகாணத்தையே பாருங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் தேர்தல் நடக்காமலே வருடங்கள் ஓடின. உள்ளூராட்சி சபைகளோ 2023 மார்ச்சில் கலைந்தன. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. அந்த இரண்டு வருடங்களுக்கு மேலான காலத்திலும் தவிசாளர் கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் விடியற்காலையில் குப்பை ட்ரக்டர் வந்தது, நூலகம் திறந்தது. அந்த ட்ரக்டரை ஓட்டியவர் யாருடைய ஆள் என்று நாம் யாரும் கேட்கவில்லையே!

உங்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். வாய்மொழியாக வரும் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். பயனாளிப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தாலும் நீக்கினாலும், காரணத்தையும் திகதியையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். கட்சிக்காரர் "எங்கள் பிள்ளை" என்று வந்து நன்றி சொன்னால் எழுந்து நின்று மரியாதையாகக் கும்பிடுங்கள். அதே வாயில் அவர் ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னால், விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் கையில் கொடுங்கள். காலையிலிருந்து வாங்கில் காத்திருக்கும் அந்தக் கிழவியின் படிவமும் அதே மேசைக்குத்தான் வர வேண்டும்.