கரும்புள்ளி

மதிப்பிற்குரிய ஐயா,

என் மீன்தொட்டியில் கரும்புள்ளி பிளாட்டி மீனும் பச்சை ஸ்வார்டுடெயில் மீனும் இணைந்து குட்டி போட்டிருக்கின்றன. அக்குட்டிகளை வளர்த்து, மறுபடி ஸ்வார்டுடெயிலோடு சேர்த்துப் புது நிறம் எடுக்க விரும்புகிறேன். இது இயற்கைக்கு விரோதம் என்கிறார் என் நண்பர். அப்படியானால் ஃபிளவர்ஹார்ன், பேரட் போன்ற கலப்பின மீன்கள் எல்லாம் என்ன?

செ., கொளத்தூர்

அன்புள்ள செ.,

‘இயற்கைக்கு விரோதம்’ என்ற பேச்சை நண்பரிடமே விட்டுவிடுங்கள். விக்டோரியா ஏரியின் சிக்லிட் மீன்கள் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பெருகியதற்குப் பழைய கலப்பே வித்திட்டது என்று 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. ஃபிளவர்ஹார்னின் நெற்றிப் புடைப்பில் அதிர்ஷ்டம் தேடுபவர்களோடு எனக்கு வழக்கில்லை. தைவானில் உருவாக்கிய பேரட்டோ வாயை முழுதாக மூட முடியாமல், தொண்டைப் பற்களால் இரையை நசுக்கியே பிழைக்கிறது.

என்னை எழுதவைத்தது ‘மறுபடி சேர்த்து’ என்ற உங்கள் சொல். நீங்கள் செய்ய நினைப்பதை 1920களிலேயே ஜெர்மனியில் மரபியலாளர் கர்ட் கோஸ்விக்கும் அமெரிக்காவில் மைரன் கார்டனும் தனித்தனியே செய்து பார்த்துவிட்டார்கள். சில வகைப் பிளாட்டிகளில் கரும்புள்ளியைத் தரும் மரபணுவுக்கு அருகே புற்றைத் தூண்டும் மரபணு ஒன்று இருக்கிறது. அதை அடக்கிவைக்கும் இன்னொரு மரபணு, அதன் காவலன், வேறொரு குரோமோசோமில் இருக்கிறான். ஸ்வார்டுடெயிலிடம் இரண்டும் இல்லை. முதல் தலைமுறைக் குட்டிகளில் காவலன் ஒற்றையாக நிற்பதால் புள்ளி பரவிக் கருமை கூடும். நீங்கள் அதைப் பார்த்து மகிழ்ந்து மறுபடி ஸ்வார்டுடெயிலோடு சேர்க்கும்போது, ஏறக்குறைய நாலில் ஒரு குட்டிக்குப் புற்று மரபணு வந்து சேரும், காவலன் வரமாட்டான். அதன் பிறகு அம்மீனின் உடலில் வளர்வது நிறமன்று, மெலனோமா என்னும் நிறமிச் செல் புற்று. நூறாண்டாகப் புற்றுநோய் ஆய்வகங்கள் தெரிந்தே வளர்க்கும் நோயை, வரவேற்பறையில் தெரியாமல் வளர்ப்பதற்குப் பெயர் பொழுதுபோக்கா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கோபத்தில் பாதி என்மீதுதான். பன்னிரண்டு வயதில் கடையில் வாங்கிய என் சிவப்பு மீனின் முதுகுத் துடுப்பிலிருந்த புள்ளி, மாதக்கணக்கில் பெருத்துத் துடுப்பையே விழுங்கியது. அது இந்த நோய்தானா என்று இன்று யாரும் சோதித்துச் சொல்ல முடியாது. நானோ அதற்குக் ‘கறுப்பழகி’ என்று பெயரிட்டுத் தெருப்பிள்ளைகளை அழைத்துக் காட்டினேன். அது சாய்ந்து நீந்தத் தொடங்கியபோதும், கருமை கனத்துத்தான் சாய்கிறது என்று பெருமையாகவே சொன்னேன்.

உங்கள் குட்டிகள் இப்போது எத்தனை வாரம்?