சோற்றை நிறுத்தியும் வயிறு குறையவில்லையே?

கேள்வி: எனக்கு 50 வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. எடை இரண்டு மூன்று கிலோதான் கூடியிருக்கிறது, ஆனால் வயிறு தனியாகத் தெரிகிறது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1 என்று வந்ததால் ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன், தினமும் நடக்கிறேன். பலன் இல்லை. மாத்திரை போட வேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: 6.1 சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய படி (5.7 முதல் 6.4 வரை அப்படித்தான் கணக்கு). ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும் என்பதால் ஹீமோகுளோபினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, அதுவரை தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேர ஆரம்பிக்கிறது, அதே நேரத்தில் வயதோடு தசையும் கரைவதால் எடை மெஷின் பெரிதாக எதையும் காட்டாது. இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது முக்கியமாக இந்த வயிற்றுக் கொழுப்புதான். அதனால் மெஷினை விடுங்கள், தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளந்து 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் பெண்களுக்கு அது அதிகம்.

அப்புறம் அந்தக் கஞ்சி. கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் மெல்லும் வேலைகூட இல்லாமல் சட்டென்று சர்க்கரையாக ஏறிவிடும். அதற்குப் பதில் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சுண்டல், நிறையக் காய், ஒரு முட்டை, கூடவே ஒரு கரண்டி சோறு என்று சாப்பிடுங்கள், தப்பே இல்லை. (நாலு சப்பாத்தியை முடித்துவிட்டு "நான் சோறே தொடுவதில்லை" என்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.)

நடையை விடாதீர்கள், ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது, இப்படி வாரத்தில் இரண்டு மூன்று நாள். மாத்திரையை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை உணவும் உடற்பயிற்சியும் 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 26.4 சதவீதம்தான்.

கேள்வி: வயது 52. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறேன். நடுராத்திரி வேர்த்து விழித்துக்கொள்கிறேன். மெனோபாஸ்தானே?
- வாசகி, சேலம்

பதில்: இருக்கலாம், ஆனால் அப்படியே முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த மாத்திரையில் சர்க்கரை தாழ்ந்தாலும் இதே மாதிரி வேர்க்கும், படபடக்கும். விழித்தவுடன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கும். எடை குறையட்டும் என்று இரவுச் சாப்பாட்டை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள், இந்த மாத்திரையோடு அது ஆபத்து.