வாசகர் கேள்வி: பனி ஆந்தையைத் தேடி

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தை மாதம் போகிறேன். அங்கே குளிர்காலத்தில் வெள்ளை ஆந்தைகள் வருமாமே. என்னிடம் 400 மில்லிமீற்றர் லென்ஸ் இருக்கிறது. எங்கே தேடலாம், எப்படிப் படம் எடுக்கலாம்?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: வட துருவத்தை ஒட்டிய மரமற்ற தூந்திர நிலத்தில் குஞ்சு பொரிக்கும் பனி ஆந்தைகளில் ஒரு பகுதி குளிர்காலத்தில் தெற்கே இறங்கி வரும். லெமிங் எலிகள் பெருகி, குஞ்சுகள் நிறையப் பிழைத்த ஆண்டில் வரவும் மிகுதியாக இருக்கும். 2013-14 குளிர்காலத்தில் கனடா-அமெரிக்க எல்லையிலுள்ள பேரேரிகளைச் சுற்றி ஏராளமாகக் காணப்பட்டன. மற்ற ஆண்டுகளில் ஒன்றைக் கண்டாலே அதிர்ஷ்டந்தான்.

ஆந்தை என்றதும் மரக்கிளையை அண்ணாந்து பார்க்கும் நம் பழக்கத்தைக் கட்டுநாயக்கவிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். பிறந்த நிலத்தில் மரமே இல்லாததால் இந்தப் பறவை வெட்டவெளியையே நாடும். அறுவடை முடிந்த வயல்களிலும் ஒன்ராறியோ ஏரிக்கரையிலும், தரையிலோ வேலிக்கட்டையிலோ மின்கம்பத்திலோ அமர்ந்திருக்கும். வயலில் கிடக்கும் பனிக்குவியல்களில் ஒன்று மெல்லத் தலையைத் திருப்பினால், அதுதான். பகலில் பெரும்பாலும் அசையாமல் இருந்துவிட்டு அந்தி நேரத்தில் வேட்டைக்குக் கிளம்பும். ஐந்து மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடுமாதலால், மூன்று மணிக்கே இடத்தில் இருப்பது நல்லது.

காரை விட்டு இறங்காதீர்கள். மனிதர் நடந்து வந்தால் மிரளும் பறவை, நிறுத்திய காரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆனால் ஹீற்றரை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் ஜன்னல் வழியே வெளியேறும் சூடான காற்று குளிர்க்காற்றோடு கலந்து அலைபாய்வதால், எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கிவிடும். வெண்பனியின் வெளிச்சத்தில் கமரா ஏமாந்து படத்தைச் சாம்பல் நிறமாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஏறத்தாழ ஒரு படி கூட்டுங்கள், அதற்கு மேல் போனால் இறகின் நுணுக்கம் அழிந்துவிடும். குளிரில் பற்றரி விரைவில் இறங்கும் என்பதால் மாற்றுப் பற்றரியைச் சட்டையின் உட்பையில் வைத்திருங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கமராவைப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி, சூடேறும் வரை திறக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து வெள்ளவத்தை வெயிலுக்கு வந்ததும் லென்ஸ் வியர்க்கிறதே, அங்கே அதே கதை வாசலின் மறுபக்கத்தில் நடக்கும்.

கடையில் வாங்கிய எலியை எறிந்து ஆந்தையை அருகே வரவழைத்துப் படம் எடுப்பவர்களும் உண்டு. அப்படி எடுத்ததை நான் படமாகவே மதிப்பதில்லை. தீனிக்காக வீதியோரம் வரப் பழகும் பறவை வாகனத்தில் அடிபடும். உங்களையே உற்றுப் பார்த்து, உடலை முன்னே சாய்த்துப் பறக்க ஆயத்தமானால், நீங்கள் மிஞ்சி நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள்.

கேள்வி: கொழும்பில் ஆந்தை பார்க்கவும் குளிர்காலம்தான் ஏற்றதா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: இங்கே காலம் பார்க்க வேண்டியதில்லை, பழுப்பு வேட்டை ஆந்தை ஆண்டு முழுவதும் நம் வீட்டுத் தோட்டங்களிலேயே வாழ்கிறது. காகங்களும் மைனாக்களும் ஒரே மரத்தைச் சுற்றிக் கூச்சலிட்டால் அங்கே போய்ப் பாருங்கள். மரத்தடியில் வெள்ளை எச்சமும், பூச்சி ஓடுகளோடு கக்கிய உருண்டைகளும் கிடந்தால், அது தினமும் அடையும் கிளையாக இருக்கலாம். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம்; காகங்கள் கலையும் வரை சற்றுத் தள்ளி நின்று காத்திருந்தால் போதும்.