கேமராவைக் கீழே போடாதவர்கள்: 'வி/எச்/எஸ்' படங்கள் பற்றிக் கேள்வி பதில்

ரத்தக்களரியான பேய்ப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்ட நண்பருக்கு 'வி/எச்/எஸ் 2' என்று ஒற்றை வரியில் பதில் போட்டேன். அதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் போட்டு உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம். ஆனால் படங்கள் கண்டிப்பாகப் பெரியவர்களுக்கு மட்டும்.

மிக்சர் பொட்டலம்: அண்ணே, இது ஒரே கதையா, பல கதையா? ஒன்றும் புரியவில்லை.

பல கதை, தம்பி. ஆந்தாலஜி. முதல் இரண்டு படங்களில், ஒரு வீட்டில் பழைய வீடியோ டேப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே புகுந்தவர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். டேப்புக்கு ஒரு கதை, கதைக்குக் கதை இயக்குநர் வேறு. எல்லாமே கதையில் வரும் ஆள் எடுத்த வீடியோவாகத்தான் நமக்குக் காட்டப்படும். முதல் படம் 2012-ல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2025-ல் வந்த 'வி/எச்/எஸ்/ஹாலோவீன்' வரை மொத்தம் எட்டுப் படங்கள். ஒன்றுக்கொன்று தொடர்ச்சி கிடையாது, எதிலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

நைட் ஷிப்ட்: அப்படியென்றால் ஏன் இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறீர்கள்? முதல் படம் மோசமா?

மோசமில்லை, கொஞ்சம் நீளம். இரண்டு மணி நேரத்தைத் தொடுகிறது, நடுவில் தொய்வும் உண்டு. 2013-ல் வந்த இரண்டாவது படம் ஒன்றரை மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிடும், கதைகளும் நாலுதான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் பத்தாவது நிமிடத்தில் நமக்குள் ஒரு கேள்வி வரும்: பேய் துரத்துகிறது, இவன் ஏன் இன்னும் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான்? தூக்கிப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதானே? இதற்கு ஒழுங்கான பதில் இல்லாத படம் அங்கேயே படுத்துவிடும். 'வி/எச்/எஸ் 2' எடுத்தவர்கள் இந்தக் கேள்வியிலிருந்தே கதையைத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் கதையில் விபத்தில் கண்ணை இழந்தவனுக்குச் செயற்கைக் கண் வைக்கிறார்கள், கேமரா அதற்குள்ளேயே இருக்கிறது. எப்படிக் கீழே போடுவான்? அடுத்ததில் சைக்கிள் ஓட்டுபவனின் ஹெல்மெட்டில். மூன்றாவதில் ஆவணப்படம் எடுக்கப் போனவர்களின் சட்டைப் பொத்தானில். நான்காவதில் நாயின் முதுகில்.

அந்தச் சைக்கிள் கதையை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்வர்டோ சான்செஸும் கிரெக் ஹேலும் எடுத்தது. 1999-ல் உலகத்தையே இந்த வகைப் படத்தின் பக்கம் திருப்பிய 'த பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவர் சான்செஸ், அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர் ஹேல். பூங்காவில் சைக்கிள் ஓட்டப் போனவன் ஜாம்பியிடம் கடிபடுகிறான், தானும் ஜாம்பியாகிறான். ஹெல்மெட் தலையிலேயே இருக்கிறது. அதாவது, கடிபடுபவன் கண்ணால் பார்க்கத் தொடங்கிய நாம், கொஞ்ச நேரத்தில் கடிப்பவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்து வேறு நடக்கிறது. மீதியைப் படத்தில் பாருங்கள்.

கருவாட்டுக் குழம்பு: எல்லாரும் 'சேஃப் ஹேவன்', 'சேஃப் ஹேவன்' என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

நான் சொன்ன மூன்றாவது கதை அதுதான். மொத்தத் தொடரிலும் இதற்குத்தான் முதலிடம், என்னைப் பொறுத்தவரை போட்டியே கிடையாது. இந்தோனேசியாவின் டிமோ சாஹ்யான்டோவும், அங்கே போய் 'த ரெய்டு' என்ற அடிதடிப் படம் எடுத்த வேல்ஸ்காரர் கேரத் எவன்ஸும் சேர்ந்து இயக்கியது.

இந்தோனேசியாவில் ஒரு மர்ம மதக் குழு. அதன் தலைவரைப் பேட்டி எடுக்க நாலு பேர் போகிறார்கள். முதல் பாதியில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. சுற்றுச்சுவர், வெள்ளுடை ஆட்கள், வகுப்பறையில் பிள்ளைகள், இனிக்க இனிக்கப் பேசும் தலைவர். வந்தவர்களுக்குள்ளேயே ஒரு குடும்பப் பிரச்சினை ஓடும், நம் கவனம் அதில் போய்விடும். அப்புறம் ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் கேட்கும், வேளை வந்துவிட்டது என்று. அதிலிருந்து கடைசி வரை மூச்சுவிட நேரம் கிடையாது.

தென் அமெரிக்காவில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 1978-ல் ஜிம் ஜோன்ஸ் என்ற மதத் தலைவரின் பேச்சைக் கேட்டு 900 பேருக்கு மேல் செத்த சம்பவம் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் கூடுதலாக உறுத்தும். ரத்தத்தை விட, ஆட்கள் மறுபேச்சில்லாமல் கட்டளைக்குக் கீழ்ப்படிகிற அந்தச் சில நொடிகள்தான் என்னை உலுக்கின. எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும்: கர்ப்பிணிகள் இந்தக் கதையைப் பார்க்க வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

சோடாபுட்டி: முதல் படத்தைப் பார்த்தால் எந்தக் கதையைத் தவறவிடக் கூடாது, சார்?

மூன்று. முதலாவது டேவிட் ப்ரக்னரின் 'அமெச்சூர் நைட்'. மூக்குக்கண்ணாடியில் கேமராவை ஒளித்துவைத்துக்கொண்டு, பெண்களை அறைக்குக் கூட்டிவந்து தெரியாமல் படமெடுக்கத் திட்டம் போடும் மூன்று பொறுக்கிகள். கூட வருகிற ஒருத்தி அதிகம் பேச மாட்டாள். 'ஐ லைக் யூ' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வாள். அந்தக் கதாபாத்திரத்தை வைத்து 2016-ல் 'சைரன்' என்று தனிப்படமே எடுத்தார்கள்.

இரண்டாவது டை வெஸ்ட் எடுத்த 'செகண்ட் ஹனிமூன்'. மெதுவாகப் போகும், அதனாலேயே நிறையப் பேர் திட்டுவார்கள். எனக்குப் பிடிக்கும். சுற்றுலா போன கணவன் மனைவி விடுதியில் தூங்குகிறார்கள். நடுராத்திரியில் அவர்களுடைய கேமராவே ஆன் ஆகிறது. யாரோ உள்ளே வந்து அவர்கள் தூங்குவதைப் படமெடுக்கிறார்கள். எடுத்தவர் அவசரமே இல்லாமல் குளியலறைக்குப் போய், கணவனின் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கழிப்பறைத் தண்ணீரில் முக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார். கத்தி எடுத்து வெட்டுவதை விட இது குமட்டுகிறது.

மூன்றாவது, கடைசிக் கதை '10/31/98'. ஹாலோவீன் விருந்துக்குப் போகும் நண்பர்கள் தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். ஒருவன் கரடி பொம்மை வேஷத்தில், கேமரா அந்த வேஷத்திலேயே. எடுத்தவர்கள் 'ரேடியோ சைலன்ஸ்' குழு. அதிலிருந்த இருவர்தான் 2022-ல் 'ஸ்க்ரீம்' படத்தை இயக்கினார்கள். இந்தத் தொடர் பலருக்கு ஏணியாகியிருக்கிறது. தமிழில் டப்பாகி வந்த 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' படத்தின் ஆடம் விங்கார்டும் இங்கிருந்து போனவர்தான்.

மாடிப்படி: டேப்பைப் போட்டுப் பார்ப்பவர்கள் கதை சுமாராக இருக்கிறதே, எனக்கு மட்டுமா?

எல்லாருக்கும்தான். அந்த நேரத்தில் டீ போட்டுவிட்டு வாருங்கள்.

ஒத்தையடிப் பாதை: இத்தனை ரத்தம், குடல் எல்லாம் நிஜம் மாதிரியே தெரிகிறதே, எப்படி?

ரத்தம் சோளச் சிரப்பும் சாயமும் கலந்தது. அது பழைய வித்தை. இங்கே கூடுதல் வசதி, கேமராவின் மட்டமான தரம்தான். சாதாரணப் படத்தில் பளிச்சென்ற வெளிச்சத்தில் ரப்பர் கை ரப்பர் கையாகவே தெரிந்துவிடும். இங்கே படம் ஆடும், வெளிச்சம் பத்தாது, நடுவில் டேப் கோடு ஓடும். டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்து ஆட்களுக்கு அந்தக் கோடு நன்றாகத் தெரியும். கேமரா சட்டென்று ஒரு பக்கம் திரும்பும்போதோ, படம் ஒரு நொடி சிதறும்போதோ ஒட்டுப்போட்டுவிடலாம். நிஜ ஆள் போய் பொம்மை வந்திருக்கும், நாம் ஒரே ஷாட் என்று நம்பிக்கொண்டிருப்போம். அடுத்த முறை பார்க்கும்போது, வெட்டு விழுவதற்குச் சற்று முன் கேமரா எங்கே திரும்புகிறது என்று கவனியுங்கள். பயம் பாதி குறையும், மரியாதை கூடும்.

பழைய பேப்பர்: 'கேனிபல் ஹாலகாஸ்ட்' தான் இதற்கெல்லாம் தாத்தா என்கிறார்கள். பார்க்கலாமா?

தாத்தாதான். 1980, இத்தாலி, இயக்கியவர் ருஜேரோ தெயோதாத்தோ. நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்று வழக்கு வந்து, அவர்கள் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆனால் படத்தில் விலங்குகளைக் கொன்றது நடிப்பில்லை. அதனால் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ரத்தம் பொய் என்று தெரிந்தால்தான் எனக்கு ரசிக்க வரும்.

வாலாட்டி: அந்த நாய் முதுகுக் கதை எப்படி? நான் மூன்று நாய் வளர்க்கிறேன்.

தாண்டிவிடுங்கள்.

மெழுகுவத்தி: என் மனைவிக்குப் பேய்ப் படம் என்றால் உயிர், ரத்தம் என்றால் மயக்கம். கேமரா ஆடினால் தலைசுற்றல் வேறு. ஏதாவது வழி உண்டா, அண்ணா?

அப்படியானால் இந்தத் தொடரே வேண்டாம். முதல் படத்தைச் சண்டான்ஸில் பார்த்தவர்களில் ஒருவர் மயங்கி விழுந்ததாக அப்போதே செய்தி வந்தது. வீட்டம்மாவுக்கு 'பேராநார்மல் ஆக்டிவிட்டி' போட்டுக் காட்டுங்கள். திகிலான காட்சிகளில் கேமரா ஸ்டாண்டில் நிற்கும், தூங்குகிறவர்களை அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அடுத்தது ஆஸ்திரேலியாவின் 'லேக் மங்கோ', 2008-ல் வந்தது. இறந்துபோன மகளைப் பற்றிக் குடும்பம் பேசும் ஆவணப்படம் போல இருக்கும். ரத்தம் இல்லை, துக்கம் நிறைய. ஊரடங்கில் எடுத்த 'ஹோஸ்ட்' (2020) ஒரு மணி நேரம்தான், முழுக்க ஜூம் அழைப்பிலேயே நடக்கும். ஆனால் கடைசிப் பகுதியில் கொஞ்சம் ஆட்டம் உண்டு.

தெருமுனை: நம் நாட்டில் இந்த மாதிரி யாரும் எடுக்கவில்லையா?

எடுத்திருக்கிறார்கள். திபாகர் பானர்ஜியின் 'லவ் செக்ஸ் அவுர் தோக்கா' (2010) இதே வடிவம்தான்: மூன்று கதைகள், கையடக்கக் கேமரா, கடையின் கண்காணிப்புக் கேமரா, ஒளித்துவைத்த கேமரா. பேய் மட்டும் இல்லை, அதன் இடத்தில் மனிதர்கள். முதல் கதையின் முடிவு எந்தப் பேய்ப் படத்துக்கும் குறைந்ததில்லை. பேய் வேண்டுமென்றால் கன்னடத்தில் '6-5=2' (2013), மலையேறப் போன நண்பர்கள் பற்றியது. ரத்தக்களரி ஆந்தாலஜி என்று கேட்டால், இந்த இரண்டும் அந்தக் கணக்கில் வராது.

நைட் ஷிப்ட்: இரண்டாவதும் முதலாவதும் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது?

'வி/எச்/எஸ்/94', 2021-ல் வந்தது. அதில் 'ஸ்டார்ம் ட்ரெய்ன்' என்ற கதையில் எலி மனிதனைத் தேடி மழைநீர் வடிகாலுக்குள் போகும் டிவி நிருபரைப் பார்த்த பிறகு, அந்தச் செய்தி வாசிப்பை மறக்க மாட்டீர்கள். டிமோ சாஹ்யான்டோவும் 'த சப்ஜெக்ட்' என்ற கதையோடு திரும்பி வருகிறார். மனிதனையும் இயந்திரத்தையும் ஒட்டுகிற பைத்தியக்கார விஞ்ஞானி. வெட்டுக்குத்து அளவில் இதுதான் உச்சம். 'சேஃப் ஹேவன்' அளவுக்கு மனதில் தங்கவில்லை, ஏனென்றால் இங்கே முதல் நிமிடத்திலேயே ரத்தம் ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் 'வி/எச்/எஸ்/85'. மூன்றாவதாக வந்த 'வைரல்' படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாச்சோ விகலோண்டோவின் 'பேரலல் மான்ஸ்டர்ஸ்' ஒன்றுக்காகத்தான் அதைப் பார்க்கலாம்.

மிக்சர் பொட்டலம்: கடைசியாக ஒன்று அண்ணே. ஹெட்போனா, ஸ்பீக்கரா?

ஹெட்போன். இந்தக் கதைகளில் பின்னணி இசை அநேகமாக இருக்காது. கதவுக்கு வெளியே காலடி, மூச்சு, துணி உரசுவது எல்லாம் ஹெட்போனில்தான் சரியாகக் கேட்கும். வீட்டில் யாராவது விழித்திருந்தால் ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொள். நடுவில் அம்மா வந்து தோளைத் தொட்டால் நான் பொறுப்பில்லை.